சல்லடையம்மா தள்ளிய மழை

முப்பத்து மூன்று ஆண்டுகள் மழையோடு வேலை பார்த்த அந்த அம்மாள், அலுவலக நேரத்தில் ஒரு நாள்கூட மழையைப் பார்த்ததில்லை. வானிலை அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் இருந்த மழைப்பதிவுப் பிரிவுக்கு ஒரு காலத்தில் ஜன்னல் இருந்ததாம். கம்ப்யூட்டர் வந்ததும், சாரல் அடித்தால் இயந்திரம் கெட்டுவிடும் என்று ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்து, சுண்ணாம்பும் அடித்துவிட்டார்கள். நாட்டிலேயே மழையைப் பற்றி அதிகம் தெரிந்த அறைக்குள் மழை எட்டிப் பார்க்கக்கூடத் தடை. வெளியே பெய்கிறதா என்று அறிய, உள்ளே வருகிறவர்களின் குடையைத்தான் பார்க்க வேண்டும்.

அலுவலகத்தில் எல்லோரும் அவரைச் சல்லடையம்மா என்பார்கள். பழிப்பு இல்லை, பட்டம். முப்பத்திரண்டு வயதில் அவர் சம்பாதித்தது.

அந்தக் காலத்தில் கடலோர நிலையம் ஒன்றிலிருந்து '80.00' மில்லிமீட்டர் மழை என்று தகவல் வந்தது. தட்டச்சு செய்தவர் ஒரு புள்ளியை விழுங்கிவிட்டதால், ஆண்டறிக்கையில் அந்த ஊரில் ஒரே நாளில் எட்டாயிரம் மில்லிமீட்டர் கொட்டியதாக அச்சானது. அதாவது இரண்டு மாடி உயரத்துக்குத் தண்ணீர். அமைச்சர் அறிக்கையைப் புரட்டிவிட்டு, "இந்த ஊர் இன்னும் இருக்கா?" என்று கேட்டாராம். அறிக்கையை ஓர் அமைச்சர் படித்துவிட்டார் என்ற அதிர்ச்சியிலேயே அலுவலகம் ஒரு வாரம் ஆடிப்போயிருந்தது.

அப்போதைய இயக்குநர் சல்லடையம்மாவைக் கூப்பிட்டு, இனி இப்படி நடக்கக்கூடாது என்றார். அவரும் ஒரே பிற்பகலில் ஒரு கம்ப்யூட்டர் நிரல் எழுதினார். அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளில் நாட்டின் எந்த நிலையத்திலும் ஒரு நாள் மழை நூற்று நாற்பத்திரண்டைத் தாண்டவில்லை. ஆகவே நூற்றைம்பதுக்கு மேல் எது வந்தாலும் தவறு, தள்ளிவிடு. அதுதான் சல்லடை. தள்ளிய இடத்தைக் காலியாக விட அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் சம்மதிக்கவில்லை. ஏதாவது எண் கேட்டது. இப்போதைக்குப் பூஜ்யம் இருக்கட்டும் என்று போட்டார். அலுவலகங்களில் நிரந்தர ஊழியர்களைவிட நீண்ட காலம் பணியாற்றுவது 'இப்போதைக்கு' என்ற சொல்தான். அதற்கு ஓய்வு வயதும் கிடையாது.

நிரலுக்கு இன்னொரு திறமையும் கொடுத்தார். எந்த நிலையத்தின் அளவு தள்ளப்படுகிறதோ, அந்த நிலையத்துக்குத் தானாக ஒரு மெமோ அச்சாகும்: "தங்கள் நிலையத்தின் மேற்கண்ட நாளின் அளவு நம்பத்தக்கதாக இல்லை. கவனக்குறைவான பதிவுகளை இனித் தவிர்க்கவும்." கீழே அவருடைய கையெழுத்தும் தானாக விழும். தபால் பிரிவு அதை உறையில் போட்டு அனுப்பிவிடும். அவர் கண்ணுக்கே வராது.

இந்தச் சாதனைக்காக ஒரு பாராட்டுப் பத்திரம் கிடைத்தது. அது வீட்டுக் கூடத்தில், கடிகாரத்துக்குப் பக்கத்தில் சட்டம் போட்டுத் தொங்கியது. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த அவருடைய கணவர், கடைக்குப் புதிதாக வரும் கண்ணாடிகளை அந்தப் பத்திரத்தைப் படித்துத்தான் சோதிப்பார். "உன் பேரு தெரிஞ்சா நல்ல கண்ணாடி, டைரக்டர் கையெழுத்தும் தெரிஞ்சா உசத்திக் கண்ணாடி" என்பது அவர் வகுத்த விதி.

இப்படியே இருபத்தாறு ஆண்டுகள் ஓடின. ஓய்வுக்கு நான்கு மாதம் இருக்கும்போது மலைச்சரிவு விவகாரம் வந்தது.

நகரத்திலிருந்து ஐந்து மணி நேரப் பேருந்துப் பயணத்தில் ஒரு மலை. அதன் சரிவில் நாற்பத்தொரு குடும்பங்கள். கிழங்கு போட்டு, ஆடு மேய்த்துப் பிழைத்தவர்கள். அந்தச் சரிவில் ஒரே ஒரு மழைமானி இருந்தது. அதன் பதிவுப்படி, ஆண்டுக்கு இரண்டாயிரம் மில்லிமீட்டராக இருந்த மழை, இருபத்தாறு ஆண்டுகளில் ஆயிரத்து நூற்றுச் சொச்சத்துக்கு இறங்கியிருந்தது. நிலத்துறை இதைக் கண்டு மிகவும் மனம் வருந்தியது. இந்த மக்கள் புதரை வெட்டியதால்தான் மழை போயிற்று. ஆகவே அவர்களை அப்புறப்படுத்திக் காட்டை மீட்க வேண்டும் என்று திட்டம் தீட்டியது. மீட்கப்படும் காட்டுக்கு நடுவில் நூற்றிருபது அறைகள் கொண்ட ஓய்வு விடுதி ஒன்று வரைபடத்தில் இருந்தது. மரங்களுக்குத் துணையாக இருக்கும் போலிருக்கிறது.

நாற்பத்தொரு குடும்பங்களைக் கிளப்ப அறிவியல் சான்று வேண்டுமே. வானிலை அலுவலகத்திடம் கேட்டார்கள். வேலை காலநிலை மாடல் பிரிவுக்கு வந்தது. அந்தப் பிரிவு என்பது ஒரே ஒரு மனிதர். ஒல்லியானவர், நாற்பது வயதுக்காரர், ஸ்வெட்டர் இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. பெரிய கம்ப்யூட்டர் இருக்கும் குளிர் அறையிலேயே கிடந்ததால் உடம்புக்குப் பருவம் மறந்துவிட்டது. அவரை எல்லோரும் மாடல்காரர் என்பார்கள்.

அவர் செய்வது இதுதான். பூமியை நூறு கிலோமீட்டர் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் வெப்பம், காற்று, ஈரம் எல்லாவற்றையும் இயற்பியல் விதிகளின்படி கம்ப்யூட்டரைக் கணக்குப் போட வைப்பார். இரண்டு பூமிகள். முதல் பூமியில் சூரியனும் எரிமலையும் மட்டும் தங்கள் வேலையைச் செய்யும். மனிதன் இருக்கிற இடம் தெரியாமல் இருப்பான். இரண்டாவது பூமியில் அவனுடைய புகைபோக்கியும் வண்டியும் சேரும். தொடக்கத்தைச் சற்றே மாற்றி மாற்றி, ஒவ்வொரு பூமியையும் நாற்பது தடவை ஓட்டுவார். வானத்துக்கென்று ஒரு தற்செயல் ஆட்டம் உண்டு. அதைக் காரணம் என்று ஏமாந்துவிடக்கூடாது அல்லவா? பிறகு எந்தப் பூமியின் மழை, உண்மையில் தரையில் அளந்த மழையைப் போல இருக்கிறது என்று பார்ப்பார்.

இரண்டாவது பூமிதான் பொருந்தியது. முன்பு ஆலைப் புகை மண்டி வெயிலை மறைத்தது; ஆவியாவது குறைந்தது; நிலத்தில் மழையும் குறைந்தது. பின்பு புகைபோக்கிகளுக்கு வடிகட்டி வந்து புகை குறைந்தது. ஆனால் வடிகட்டிக்குச் சிக்காத கரியமில வாயு சேர்ந்துகொண்டே போனது. காற்று சூடாகிக் கூடுதல் ஈரம் சுமந்தது. மழை நாள்கள் குறைந்தன, பெய்தால் கொட்டியது; மொத்தத்தில் மழை சற்றுக் கூடியது. அந்த வட்டாரத்தில் பத்தொன்பது மழை நிலையங்கள். பதினெட்டின் பதிவு இதை ஒப்புக்கொண்டது. மலைச்சரிவு நிலையம் மட்டும் சண்டைக்கு நின்றது.

இயக்குநர் அறையில் கூட்டம். அப்போதிருந்த இயக்குநர் நல்ல உயரம், நல்ல சட்டை, எதையும் முடித்துவைப்பதில் வல்லவர். வரைபடத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"அப்ப மாடல் சொல்றது மழை கூடணும்னு. நிஜத்துல குறைஞ்சிருக்கு. இந்த மிச்சம் இருக்கு பாருங்க, இதுதான் அந்த ஜனங்க பண்ணின வேலை. முடிஞ்சுது!"

"சார், மிச்சம்னா நமக்கு விளங்காததுன்னு அர்த்தம்," என்றார் மாடல்காரர்.

"விளங்காததுக்கு யாராவது ஒருத்தர் காரணமா இருக்கணும்ல?"

"அது நாமளாவும் இருக்கலாம் சார்."

இயக்குநர் இதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு தாராளமாகச் சிரித்தார். கேளுங்கள், இதுதான் பட்டப்படிப்பின் பயன். கற்காலத்து மனிதன் விளங்காததையெல்லாம் ஆவி என்றான். படித்த மனிதர் ஏழை என்கிறார். ஆவியையாவது வீட்டைக் காலி செய்யச் சொல்லி யாரும் நோட்டீஸ் அனுப்பியதில்லை.

அறிக்கை தயாரானது. பதிவுகளைச் சரிபார்த்ததாகச் சல்லடையம்மா கையெழுத்துப் போட வேண்டும். பத்து நாளில் விசாரணை ஆணையர் முன் கூட்டம். அங்கே ஆணை போட்டுவிட்டால் நாற்பத்தொரு வீடும் இடியும்.

மறுநாள் காலை மாடல்காரர் ஸ்வெட்டரோடு மூன்றாம் மாடிக்கு வந்தார். கையில் ஒரு தாள்.

"அக்கா, ஒரு நிமிஷம் இதைப் பாருங்க. மலைச்சரிவோட ஒவ்வொரு நாள் மழையும் புள்ளியா போட்டிருக்கேன். என்ன தெரியுது?"

"புள்ளி தெரியுது."

"மேல பாருங்க. நூத்தி நாப்பத்தெட்டு இருக்கு, நூத்தி நாப்பத்தொன்பது இருக்கு. அதுக்கு மேல இருபத்தாறு வருஷத்துல ஒண்ணுகூட இல்ல. ஸ்கேல் வச்சு முடி வெட்டின மாதிரி இருக்கு. வானம் இப்படியா அக்கா பெய்யும்?"

சல்லடையம்மா தாளை வாங்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். நூற்றைம்பது. அந்தக் கோட்டை யார் போட்டது என்று யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. காலில் செருப்பு இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். தரை திடீரென்று அவ்வளவு சில்லென்றிருந்தது.

"தள்ளின அளவு எங்கயாவது இருக்குமா அக்கா?"

"இல்லை. அந்த அளவு மேலயே பூஜ்யத்தை எழுதிடும். அப்ப இடம் மிச்சம் பண்ணணும்னு நான்தான்..." என்று நிறுத்திக்கொண்டார்.

அவர் போட்ட கோடு, பழைய மழைக்குப் பொருத்தமான கோடுதான். ஆனால் மழை பழைய மழையாக இருக்கவில்லை. சமவெளி நிலையங்களில் எவ்வளவு கொட்டினாலும் நூற்றைம்பதை எட்டுவதில்லை, மலையில் எட்டியது. ஆண்டுக்கு ஆண்டு கொட்டும் நாள்கள் கூடக் கூட, சல்லடை கூடுதலாகத் தள்ளியது. மழை எவ்வளவு அதிகமாகப் பெய்ததோ, அவ்வளவு குறைவாகப் பதிவானது. ஒருவன் சத்தமாகப் பேசப் பேச அவனை ஊமை என்று எழுதிவைத்தது போல.

ஒரே வழி, மழைமானியை அளக்கிறவரின் சொந்த நோட்டு. அந்த நிலையத்துக்குச் சம்பளக்காரர் கிடையாது. மலைத் தபால்காரரே காலையில் அளந்து அனுப்புவார் என்று பதிவேடு சொன்னது. சல்லடையம்மா போன் செய்தார்.

"வானிலை அலுவலகத்துலருந்து பேசறேங்க. பதிவுப் பிரிவு."

மறுமுனையில் தபால்காரரே எடுத்திருந்தார். "இந்த வாட்டி மெமோவை வாயாலயே குடுக்கறீங்களா?"

"இல்லைங்க. உங்ககிட்ட பழைய அளவு நோட்டு எதாவது..."

"எதாவதா? எல்லாமே இருக்கு. எந்த வருஷம் வேணும்?"

"எல்லா வருஷமும்."

"நீங்க யாரு பேசறது?"

சொன்னார். "ஓஹோ" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்துத் தோளில் கோணிப்பையோடு தபால்காரர் வந்தார். ஐம்பத்தைந்து வயது, காக்கிச் சட்டை, மேல் பொத்தான் வரை போட்டிருந்தார். வாசலில் நின்று சல்லடையம்மாவை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்கதானா அந்தக் கையெழுத்து?"

"நான்தாங்க."

"நான் என்னவோ மீசை வச்ச ஆளுன்னு நினைச்சிருந்தேன்."

மாடல்காரர் சிரித்துவிட்டு, சிரித்திருக்கக்கூடாதோ என்று இருமினார். தபால்காரர் பையை மேசையில் கவிழ்த்தார். இருபத்தாறு நோட்டுகள். அதோடு நூல் போட்டுக் கட்டிய ஒரு கத்தை. அறுபத்தொரு மெமோ.

"இது ஒவ்வொண்ணையும் மலை மேல யாரு சுமந்துட்டு வந்தாங்கன்னு நினைக்கறீங்க? நான்தாம்மா. என் பேருக்கு வந்த தபாலை, நானே பையில போட்டுக்கிட்டு நாலு மைல் ஏறி, என் வீட்டு வாசல்ல நின்னு எனக்கே குடுத்து, நானே கையெழுத்துப் போட்டு வாங்கிக்குவேன். கவனக்குறைவுன்னு என்னை நானே திட்டிக்கிறதுக்கு!"

"மன்னிச்..."

"இருங்க, முடிக்கலை. ஒவ்வொரு தடவையும் ரெண்டு முறை அளந்தேன். நோட்டுல பாருங்க."

சல்லடையம்மா ஒரு நோட்டைத் திறந்தார். தேதி, நேரம், அளவு. பெரிய எண்களுக்குப் பக்கத்திலெல்லாம் நீல மையில் ஒரே வாசகம்: "மறுபடியும் அளந்தேன். சரிதான்." ஒரு நாளில் மானியின் குடுவை வழிந்துவிட்டதால், வழிந்து வெளிப்பாத்திரத்தில் நின்றதையும் அளந்து கூட்டியதாகக் குறிப்பு. அளக்கிறவரின் குறிப்பை எழுதக் கம்ப்யூட்டரில் கட்டம் எதுவும் இல்லை. குறிப்புக்கு எதற்குக் கட்டம் என்று நினைத்ததும் சல்லடையம்மாதான்.

"நூத்தி எழுபத்தொண்ணுன்னு ஒரு நாள் வரும் பாருங்க," என்றார் தபால்காரர். "அன்னைக்குத்தான் எங்க பள்ளிக்கூடத்துச் சுவரு விழுந்துச்சு. உதவி கேட்டு எழுதிப் போட்டோம். என்ன பதில் வந்துச்சு தெரியுமா? அன்னைக்கு அந்த இடத்துல மழை பூஜ்யம். ஆகவே சுவர் மழையால விழலை. சுவரு அதுவா மனசு வெறுத்து விழுந்துச்சு போல. ரெண்டு வருஷம் பசங்க மரத்தடியில படிச்சாங்க. அந்தப் பதில் தபாலையும் நான்தான் சுமந்தேன்."

டீ கொண்டுவந்து வைத்தவர்கூட கண்ணாடி டம்ளரைச் சத்தமில்லாமல் வைத்தார்.

"இப்ப எங்களை எதுக்குக் கிளப்பறாங்கன்னு கேட்டா, மழையைத் துரத்திட்டோமாம். நான் அளந்த மழை! சரி, அளக்கறதை நிறுத்திருந்தா வீடாவது மிஞ்சியிருக்குமோ என்னவோ."

மூவரும் அன்று மாலைக்குள் அறுபத்தொரு நாளையும் திருப்பி ஏற்றினார்கள். தபால்காரர் வாசிக்க, சல்லடையம்மா தட்ட, மாடல்காரர் வரைந்தார். இறங்கிக்கொண்டிருந்த கோடு நிமிர்ந்தது. கடைசி ஆண்டு மழை இரண்டாயிரத்து இருநூறு. மழை நாள்கள் குறைவு, கொட்டிய நாள்கள் அதிகம். மற்றப் பதினெட்டு நிலையங்களைப் போலவே, இரண்டாவது பூமி சொன்னதைப் போலவே. மிச்சம் என்று எதுவும் மிஞ்சவில்லை.

"மாடல் மலையைப் பத்தி எதையும் நிரூபிக்கலை அக்கா," என்றார் மாடல்காரர், விடாப்பிடியான நேர்மையோடு. "நூறு கிலோமீட்டர் கட்டம் ஒரு சரிவைப் பத்திச் சாட்சி சொல்லாது. இங்க ஏதோ இடிக்குதுன்னு மட்டும்தான் சொல்லுச்சு."

"அதுவே போதும். நமக்கு அது சொல்லவே இருபத்தாறு வருஷம் ஆச்சு."

இயக்குநர் செய்தியை அமைதியாகக் கேட்டார். அமைதியாகக் கேட்பது அவர் தொழில்.

"என்னம்மா நீங்க, இன்னும் நாலு மாசம். பூங்கொத்து வாங்கிட்டுப் போற நேரத்துல யாராவது தன் தலையில தானே கல்லைத் தூக்கிப் போட்டுக்குவாங்களா? இதை ஒத்துக்கிட்டா உங்க மேல விசாரணை வரும். ஆபீஸ் மேல வரும். என் மேலகூட வரும்!" கடைசி வாக்கியத்தில்தான் குரல் உண்மையாகவே நடுங்கியது. "மாடல் தப்புன்னு ஒரு வரி எழுதிடுவோம். மாடல் கோவிச்சுக்காது."

"தப்பு என்னோடது சார்."

"ஆமா, ஆனா அது உங்களோடதுன்னு யாருக்குத் தெரியும்?"

"அளந்தவருக்குத் தெரியும்."

"ஒரு தபால்காரரு!" என்றார் இயக்குநர். மலையில் தபால்காரர், நகரத்தில் இயக்குநர். மழை மட்டும் இருவர் தலையிலும் ஒரே மாதிரி விழுகிறது என்பது அவருக்குச் சொந்தக் குறைபோல இருந்திருக்க வேண்டும். "கூட்டத்துக்கு முன்னால கையெழுத்து வந்தாகணும். யோசிங்க."

யோசிக்க வேண்டியது வீட்டில் நடந்தது, காலைப் பலகாரத்தின்போது. கணவர் புதுக் கண்ணாடி ஒன்றைப் போட்டுக்கொண்டு சுவரிலிருந்த பத்திரத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, அதைக் கழட்டிடுங்க."

"கண்ணாடியையா?"

"பத்திரத்தை."

எல்லாவற்றையும் சொன்னார். கணவர் கேட்டு முடித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"எங்கிட்ட ஒருத்தர் வந்தாருன்னு வை. தப்பான பவர்ல கண்ணாடி குடுத்துட்டேன். இருபது வருஷமா சுவத்துல முட்டிக்கிட்டே இருக்காரு. இப்ப எனக்குத் தெரிஞ்சிடுச்சு. நான் என்ன பண்ணணும்? சுவர் சரியில்லைன்னு சொல்லணுமா?"

"டைரக்டர் அப்படித்தான் சொல்லச் சொல்றாரு."

"அவரை என் கடைப் பக்கம் வரச் சொல்லு. இலவசமா பாக்கறேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "உனக்குப் பயமா இருக்கா?" என்றார்.

"இருக்கு. சல்லடையம்மான்னு கூப்பிடறப்ப, நல்லா சலிக்கிறவன்னுதான் நினைச்சிட்டிருந்தேன். இனிமே எப்படிக் கூப்பிடுவாங்களோ."

"அதே பேருதான். தொனிதான் மாறும். பழகிடும்." எழுந்து பத்திரத்தைக் கழற்றினார். சுவரில் சதுரமாக ஒரு வெளிறிய தடம். "இனி எதைப் படிச்சு கண்ணாடி பாக்கறது? காலண்டரைத்தான் பாக்கணும்."

அடுத்த மூன்று நாள்கள் சல்லடையம்மா யாரும் செய்யாத ஒரு காரியம் செய்தார்: நிலத்துறையின் அறிக்கை முழுவதையும் படித்தார். முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். எழுதியவர்களே அதைச் செய்திருக்க மாட்டார்கள் என்பதற்கு, நாற்பதாம் பக்கமும் நூற்றெழுபதாம் பக்கமும் ஒரே பக்கமாக இருந்ததே சான்று. நான்காம் இணைப்பில் ஓரிடத்தில் அவர் விரல் நின்றது.

விசாரணைக் கூடம் நிரம்பியிருந்தது. சரிவிலிருந்து முப்பது பேர்போல வந்து பின்வரிசையில் நின்றார்கள்; நாற்காலி முன்வரிசைக்காரர்களின் பைகளுக்குத் தேவைப்பட்டது. விசாரணை ஆணையர் வயதானவர், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பேனாவை மூடித் திறப்பவர். நிலத்துறை அதிகாரி எழுந்து, மழை குறைந்த கதையை உருக்கமாகச் சொன்னார். காட்டுக்காக அவர் குரல் இரண்டு தடவை தழுதழுத்தது. விடுதியின் பெயர் வரவே இல்லை.

"பதிவுகளைச் சரிபார்த்தது யார்?" என்றார் ஆணையர்.

இயக்குநர் சல்லடையம்மாவைப் பார்த்தார். சல்லடையம்மா எழுந்தார்.

"நான்தாங்க. பதிவு தப்பு. அந்தச் சரிவுல மழை குறையலை. நான் எழுதின நிரல்தான் அதைத் தள்ளிடுச்சு. அறுபத்தொரு நாள் மழை."

கூடத்தில் சலசலப்பு. நிலத்துறை அதிகாரி புன்னகைத்தார்.

"இருபத்தாறு வருஷமா நீங்க இதைக் கவனிக்கவே இல்லையா?"

"இல்லை."

"அப்ப இன்னைக்கு நீங்க சொல்றதை மட்டும் எப்படி நம்பறது?"

"என்னை நம்பவே வேண்டாம். அளந்தவர் நோட்டு இருக்கு."

"அந்தச் சரிவுலயே குடியிருக்கறவர் எழுதின நோட்டு! வீட்டைக் காப்பாத்த நேத்து உக்காந்து எழுதியிருக்கலாமே?"

பின்வரிசையில் தபால்காரர் வாயைத் திறந்தார். பக்கத்தில் நின்ற பெண்மணி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். சல்லடையம்மா தன் பையிலிருந்து நிலத்துறையின் அறிக்கையை எடுத்தார்.

"சரிங்க, அவரையும் நம்ப வேண்டாம். உங்களை நம்பலாமா? இது உங்க அறிக்கை, நாலாம் இணைப்பு. போன வருஷம் நீங்க சரிவைப் பாக்கப் போன பயணக் குறிப்பு. உங்க கையெழுத்து. படிக்கறேன்: 'கடும் மழை காரணமாக வாகனம் சேற்றில் சிக்கியது. ஆய்வு நிறுத்தப்பட்டது. உள்ளூர் மக்கள் உதவியுடன் வாகனம் மீட்கப்பட்டது.' அன்னைக்கு எங்க பதிவுல மழை பூஜ்யம். அவரு நோட்டுல நூத்தி எண்பத்து நாலு. உங்க ஜீப் எதுல சார் சிக்குச்சு?"

ஆணையரின் பேனா மூடியபடியே நின்றது.

"மூணு தடவை சிக்குச்சுங்க!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். "நாங்கதான் தள்ளிவிட்டோம்! பெரியவரு செருப்பைக்கூட சேத்துலருந்து எடுத்துக் குடுத்தோம்!"

"அமைதி," என்றார் ஆணையர். ஆனால் சிரிப்பை அடக்க அவரே தாளில் முகத்தை மறைக்க வேண்டியிருந்தது. பிறகு மாடல்காரரை எழுப்பி, சரியான பதிவைப் போட்டால் உங்கள் மாடல் என்ன சொல்கிறது என்று கேட்டார்.

"அந்த வட்டாரம் முழுக்க ஒரே கதைதாங்க. ஊர் ஊரா நாம விட்ட வாயுதான் மழையை மாத்தியிருக்கு. அந்த நாப்பத்தொரு வீட்டு அடுப்பு இல்ல." சற்று யோசித்து, "அந்த ஜீப்புக்கு அதுல கொஞ்சம் பங்கு உண்டு," என்றார்.

ஆணை அன்றே வந்தது. மழை குறைவு என்ற காரணம் தள்ளுபடி. நாற்பத்தொரு குடும்பங்களும் இருந்த இடத்திலேயே இருக்கலாம். பள்ளிச் சுவர் பற்றிய பழைய மனுவை மறுபடி பார்க்கவும் ஆணையர் சொன்னார். நிலத்துறை தளரவில்லை. அடுத்து மண் அரிப்பைப் பற்றி அறிவியல் ஆய்வு தொடங்கப் போவதாகக் கேள்வி. அறிவியலின் மேல் அவர்களுக்குள்ள பற்று, தாங்கள் விரும்பும் விடை கிடைக்கும்வரை ஓயாது.

ஒரு வாரத்தில் சல்லடையம்மாவுக்கு ஒரு மெமோ வந்தது. அவர் மேலான துறை விசாரணை தொடங்கும்வரை காத்திராமல், நிர்வாகப் பிரிவு கையிலிருந்த படிவத்தையே பயன்படுத்தியிருந்தது: "கவனக்குறைவான பதிவுகளை இனித் தவிர்க்கவும்." கீழே தானாக விழுந்திருந்த கையெழுத்து அவருடையதே. அவர் ரசித்துப் படித்து, முறைப்படி பெற்றுக்கொண்டதாக மேலும் ஒரு கையெழுத்துப் போட்டார். வீட்டுக்குக் கொண்டுபோனபோது, கணவர் அதைச் சுவரின் வெளிறிய தடத்தில் மாட்டி, தூரத்தில் நின்று பார்த்தார். "எழுத்து நல்லா பெருசா இருக்கு. கடைக்கு உசத்தி."

மிச்சமிருந்த மூன்று மாதத்தில் அவர் இரண்டு வேலை செய்தார். சல்லடையைத் திருத்தினார்: இனி பெரிய அளவு வந்தால் தள்ளாது, அளந்தவரைப் போனில் கேட்கச் சொல்லும், அவர் சொல்லும் குறிப்பை எழுதக் கட்டமும் இருக்கும். இரண்டாவதாக, அறுபத்தொரு மெமோவையும் திரும்பப் பெற்றார். மொத்தமாக ஒரே கடிதத்தில் முடித்துவிடலாம் என்றார் இயக்குநர். முடியாது, தனித்தனியாகக் கொடுத்த பழி தனித்தனியாகத்தான் போக வேண்டும் என்றார் இவர். ஒவ்வொன்றையும் கையால் எழுதினார்: இன்ன தேதி, இன்ன அளவு, சரிதான். பதிவுத் தபாலில் அனுப்பினார்.

ஓய்வுக்கு முந்தைய நாள் போன் வந்தது.

"அம்மா, மலைத் தபால்காரன். உங்களுக்கு என் மேல இன்னும் என்ன கோவம்?"

"ஏங்க, தபால் வரலையா?"

"வந்துச்சு! அறுபத்தொண்ணும் ஒரே பையில வந்துச்சு. நாலு மைல் ஏத்தம்மா! வாசல்ல உக்காந்து அறுபத்தொரு தடவை எனக்கு நானே குடுத்து, அறுபத்தொரு தடவை கையெழுத்துப் போட்டு... என் வீட்டுக்காரி இந்தாளுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு பக்கத்து வீட்டைக் கூட்டிட்டு வந்துட்டா."

"ஒரே கையெழுத்துல முடிச்சிருக்கலாமே?"

"முடியுமா? பதிவுத் தபால் ஆச்சே. ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா போடணும், அதான் முறை." மூச்சு வாங்கினார். "ரெண்டு முறை எண்ணிப் பாத்தேன். சரிதான்."

மறுமுனையில் தகரக் கூரைமேல் ஏதோ பெருஞ்சத்தம் கேட்டது.

"என்னங்க அது சத்தம்?"

"அதுவா? காலைலருந்து கொட்டுதும்மா. நாளைக்கு அளந்து அனுப்பறேன். நாளைக்கு உங்க இடத்துல யாரு இருப்பா?"

"நாளைக்கும் நான்தாங்க. கடைசி நாள்."

"அப்ப சரி. குறிப்பும் எழுதி அனுப்பறேன்."

ஜன்னல் இல்லாத அந்த அறையில் போனைக் காதிலிருந்து எடுக்காமல், அந்தக் கூரைச் சத்தத்தை அவர் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.